தோட்டத்தில் போட்ட பாடு

கத்தரி இலையைக் கசக்கினால் விரலில் ஒட்டிக்கொள்ளும் அந்தப் பச்சை வாசனை வரும்போதெல்லாம், முதல் மழை பெய்து எங்கள் பிள்ளைகள் இல்லத்தின் பள்ளிக்கூடம் மறுபடி திறந்த காலையில் கிணற்றடியில் யார் யார் நின்றோம் என்பதுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. சாந்தா டீச்சர் இருந்தார், சமையல் செய்யும் அற்புதம் அக்கா இருந்தார், சாதிக் இருந்தான், நான் இருந்தேன், சின்ன வகுப்புப் பிள்ளைகள் நாற்றுக் கட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். தேசப்பன் மட்டும் இல்லை.

பழவேற்காடு ஏரிக்கு மேற்கே, உப்புக்காற்று எட்டியும் எட்டாத ஒரு மேட்டில் இருந்தது எங்கள் இல்லம். பத்தாவது வரை சொந்தப் பள்ளிக்கூடம், கொஞ்சம் நெல் வயல், நாலு மாடு, கிணற்றைச் சுற்றிக் காய்கறித் தோட்டம். உப்பு, எண்ணெய், பருப்பு போக மற்றதெல்லாம் அந்த மண்ணிலிருந்தே வரவேண்டும் என்பது ஏற்பாடு. பழவேற்காட்டிலிருந்து வந்த சாதிக்குக்குத் தாயும் தகப்பனும் இல்லை. மீனவர் ஊர்களான கோட்டைக்குப்பத்திலிருந்தும் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்தும் வந்த தேசப்பனுக்கும் எனக்கும் எல்லோரும் இருந்தார்கள், படிப்புதான் இல்லை. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை என்பதால், அந்த இல்லத்துக்கு ஏதாவது ஆனால் நான் நேராகப் படகில்தான் போய் விழுவேன் என்று எட்டாவது படிக்கும்போதே எனக்குத் தெரியும். "தோட்டம் சோறு போட்டாதான் பள்ளிக்கூடம் நடக்கும்" என்று டீச்சர் அடிக்கடி சொல்வதை மற்றப் பிள்ளைகள் அறிவுரையாகக் கேட்டார்கள். எனக்கு அது மிரட்டலாகக் கேட்டது.

மழை பொய்த்த அந்த வருடம் எங்களைக் குழுக்களாகப் பிரித்துத் தோட்டத்தை முழுக்க எங்களிடமே விட்டார்கள். எந்தக் குழு பறித்த காய் தராசில் அதிகம் நிற்கிறதோ அந்தக் குழுவுக்கு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு முதலில் பரிமாறப்படும் என்று டீச்சர் ஆசை காட்டியதும் கிணற்றை ஒட்டிய பாத்திகளுக்கு அடிதடி தொடங்கியது.

"டேய், கெணத்தாண்ட இருக்கற பாத்தி இன்னா உங்க நைனா சொத்தா?" என்று சாதிக் என் சட்டையைப் பிடித்தபோது, குறுக்கே வந்து விலக்கியவன் தேசப்பன்.

"எதுக்குடா சண்ட? எங்க ஊர்ல மாரி பாடு போட்டுக்கலாம். இன்னிக்கு உனுக்கு, நாளிக்கு எனுக்கு."

ஏரியில் எல்லா இடமும் ஒன்றுபோல் இருக்காது. முகத்துவாரத்தை ஒட்டி இறால் ஓடும், வேறு இடத்தில் வலை வெறுமனே வரும். அதனால் ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, நல்ல இடம் எல்லோருக்கும் சுற்றி வரும்படி முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர்தான் "பாடு". ஒருவன் பாட்டில் இன்னொருவன் வலை இறக்கமாட்டான். பிறந்ததிலிருந்து எங்கள் காதில் விழுந்த நியாயம் அது ஒன்றுதான் என்பதால் தேசப்பன் சொன்னதும் சண்டை அடங்கிப்போனது. டீச்சர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "பிள்ளைங்களே கண்டுபிடிச்சது" என்று பெருமையாகச் சொன்னார். தினம் காலையில் பாத்தி மாறியது. நல்ல பாத்தி யாருக்கும் சொந்தமில்லை என்பதில் எல்லோருக்கும் திருப்தி.

அடுப்பங்கரையில்தான் முதலில் கோளாறு தெரிந்தது. கூடையைக் கவிழ்த்துப் பார்த்த அற்புதம் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாடா இது, வெண்டக்காவா மெளகாவா? பிஞ்ச இன்னாத்துக்குடா பறிச்சீங்கோ?"

"நாங்க உட்டா நாளிக்கு அவனுங்கோ அள்ளிக்கினு பூடுவானுங்கோ அக்கா" என்றான் சாதிக்.

"உட்டா நீஞ்சிக்கினு ஓடிப்பூடும்கா" என்று தேசப்பன் சேர்த்துக்கொள்ள, எல்லோரும் சிரித்தோம், அக்காவும்தான்.

உண்மையில் நாங்கள் தோட்டத்தை ஏரியாகத்தான் நினைத்தோம். ஏரியில் இன்று விட்ட மீன் நாளை அங்கே இருக்காது. அதனால் தன் பாட்டில் கிடைப்பதை எல்லாம் வாரிக்கொள்வதில் தப்பில்லை. செடி அப்படியில்லையே. இன்று தண்ணீர் ஊற்றுகிறவன் வேறு, நாளை பறிக்கிறவன் வேறு என்றானபின், கிணற்றிலிருந்து தள்ளியிருந்த பாத்திகளுக்கு யாரும் குடம் தூக்கவில்லை. களை பிடுங்கவில்லை, எரு போடவில்லை. தேர்வு வேலையில் இருந்த டீச்சர் நிமிர்ந்து பார்த்தபோது கத்தரிச் செடிகள் குச்சியாக நின்றன. கிணறும் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. போன போகத்து நெல்லை வைத்துக்கொண்டு அத்தனை பேருக்கும் சாப்பாடு போட முடியாது என்பதால், போக வீடு இருக்கிற பிள்ளைகள் மழை வரும்வரை வீட்டுக்குப் போகட்டும் என்று முடிவானது.

என்னைக் கூட்டிப்போக வந்த என் நைனா விஷயத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏரிக்கு யாருடா தண்ணி ஊத்தறான்? அதான் நீங்களும் ஊத்தல. செரி, துணிய எடு."

அந்தக் கோடை முழுக்க நான் படகில் போனேன். போன நாளெல்லாம் வாந்தி எடுத்தேன், வலையைச் சிக்காக்கினேன், மிதவையைக் காலடியில் வைத்துக்கொண்டு மிதவை எங்கே என்று தேடினேன். மழை விழுந்ததும் நைனாவே என்னைக் கொண்டுவந்து விட்டார். "இவன் பிரிச்சி உட்ட வலையவிட சிக்காக்குன வலைதான் ஜாஸ்தி டீச்சர். இங்கியே கெடக்கட்டும்" என்றார். என் கையாலாகாத்தனம் என்னைப் படிக்க வைத்தது. தேசப்பனுக்கு அந்த வசதி இல்லை. வகுப்பில் கணக்கு வந்ததைப் போலவே வலை வேலையும் அவனுக்குச் சட்டென்று வந்தது. படகு வைத்திருந்த அவன் மாமா அவனைத் திரும்பிப் போக விடவில்லை.

நாற்று நட்ட வாரமே டீச்சர் என்னையும் கூட்டிக்கொண்டு கோட்டைக்குப்பம் போனார். தேசப்பன் கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். எழுந்து நின்றான், ஆனால் கை வேலையை விடவில்லை.

"வாடா, உன் பாத்தி காலியா இருக்கு. இனிமே பயிர் முடியற வரைக்கும் ஒரு பாத்தி ஒரே ஆளுக்குத்தான்னு மாத்திட்டோம்" என்றார் டீச்சர்.

"வேணாம் டீச்சர். என்னாலதான அல்லாரும் பட்டினியா பூட்டாங்கோ." கொஞ்ச நேரம் பாசியைப் பிய்த்துவிட்டு, "இங்க பாடு போட்டா தப்பாவாது" என்றான்.

முதலில் அவனைத் தட்டிக்கொடுத்தது தான்தான் என்று சொல்ல டீச்சர் வாயெடுத்தார். அதற்குள் அவன் அம்மா டீ கொண்டுவந்து நீட்டினார். குடித்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தோம்.

இப்போது அந்த மேட்டில் இல்லம் இல்லை. கிணறு கொஞ்சம் கொஞ்சமாக உப்பாகி, பிள்ளைகள் குறைந்து, நான் கல்லூரியில் இருந்தபோதே மூடிவிட்டார்கள். தோட்டம் இருந்த இடத்தில் மனைக்கல் நட்டிருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் எனக்கு வேலை. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தால் எதையும் நினைக்கத் தெம்பிருப்பதில்லை. போன மாதம் ஒரு விடுமுறையில் ஏரிக்கரையில் தேசப்பனைப் பார்த்தேன்.

"இன்னா ஆபீசர், இன்னிக்கி லீவா? மூஞ்சி இன்னா, காஞ்ச வாள மீன் மாரி கீது?"

பாடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"பாடு சுத்தி சுத்தி வர்துடா. மொகத்துவாரம் மண்ணு தூந்து பூட்சி, மீன்தான் வர்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி வலைக்குக் குனிந்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில், அந்தக் கோடையில் எங்களுக்கு மொத்தம் எவ்வளவு போனது என்று கூட்டிப் பார்த்தேன். பிஞ்சாகவே பறித்துத் தின்ற சில கூடை வெண்டைக்காய், காய்ந்துபோன கத்தரிப் பாத்திகள், அப்புறம் தேசப்பன்.