பூட்ஸைக் கழற்றாத அப்பா

தேயிலை எஸ்டேட்டில் அப்பா முப்பது வருடம் மருந்து அடித்தார். முதுகில் பம்பு, காலில் முட்டிவரை ரப்பர் பூட்ஸ். சாயங்காலம் எங்கள் லயத்து வரிசைவீட்டு வாசற்படியில் உட்கார்ந்து காலை நீட்டுவார். அம்மா குதிகாலைப் பிடித்து இழுத்துக் கழற்றுவாள். உள்ளே புகுந்த அட்டைகளைப் பிய்த்துப்போட்டு, கடித்த இடத்தில் சுண்ணாம்பு வைப்பாள். அவர் தானாகக் கழற்றி நான் பார்த்ததே இல்லை.

ரிட்டயர் ஆன பிறகும் அப்படித்தான். விறகுக்குப் போனாலும், மறையூர் பஸ் நிற்கும் டீக்கடைக்குப் போனாலும் பூட்ஸ்.

போன வருடம் மழைக்காலத்தில் அம்மா இறந்தாள். காரியம் முடிந்து இரண்டாம் நாள், விறகுக்குப் போய்வந்த அப்பா படியில் உட்கார்ந்து காலை நீட்டினார். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு நாற்பத்தாறு வயது. அந்தக் காலால் உதை வாங்கியிருக்கிறேனே தவிர அதைத் தொட்டதில்லை. கூச்சமாக இருந்தது. என் மனைவி போனாள். மருமகள் காலைத் தொடக் கூடாது என்று விரட்டிவிட்டார். இருட்டும்வரை நீட்டியபடி இருந்துவிட்டு பூட்ஸோடு போய்ப் படுத்தார்.

அவர் கூப்பிடட்டும் என்று நான் இருந்தேன். அவர் கூப்பிடவில்லை.

முதலில் குளிப்பதை விட்டார், பிறகு சவரத்தை. சர்க்கரை மாத்திரையை அம்மாதான் எடுத்துக் கொடுப்பாள். இப்போது அது பிரிக்காமலே தகரப் பெட்டியில் சேர்ந்தது. சோற்றில் பாதியை நாய்க்குத் தள்ளினார். கொஞ்ச நாளில் வீட்டில் ஒரு வாடை. என் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிட்டாள்.

"உங்க வீட்டுல எலி செத்துக் கெடக்கு, தேடிப் பாருங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. எலி இல்லை என்று அவருக்கும் தெரியும்.

நான் அப்பாவின் கட்டிலை விறகுக் கொட்டகைக்கு மாற்றினேன். அப்போது ஒரு வார்த்தை சொன்னேன்.

"மாடுன்னா கழுவியாச்சும் விடலாம்."

அப்பா சிரித்தார். "மாட்டைக் கழுவுறதுக்கும் ஒரு ஆம்பள வேணும்லே."

அதன்பிறகு சாப்பாட்டைக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கப் பஞ்சாயத்திலிருந்து ஒரு நர்ஸ் சிஸ்டர் வருவார். எங்கள் லயத்துக்கு வேறு யாரையோ பார்க்க வந்தவர், வாடையைப் பிடித்துக்கொண்டே கொட்டகைக்குப் போனார். வலது பூட்ஸ் வந்தது. இடது வரவில்லை. பூட்ஸைக் கத்தரியால் வெட்டினார். சாக்ஸ் தோலோடு ஒட்டியிருந்தது. விரலிடுக்கில் புழு. எத்தனை நாளாகக் கழற்றவில்லை என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். ஒரே வீட்டில்தானே இருக்கிறீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார். அப்பா வலியே இல்லை என்றார். கால் மரத்துப்போய் மாதக்கணக்காகியிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள், சிஸ்டர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், வலது பூட்ஸை எடுத்துவரச் சொல்லி மாட்டிக்கொண்டார். சாயங்காலம் படியில் உட்கார்ந்து நீட்டினார். லயமே பார்த்துக்கொண்டிருந்தது.

"இப்ப ஒண்ணுதான். ஒனக்குப் பாதி வேலை."

குந்தி உட்கார்ந்து, குதிகாலைப் பிடித்து இழுத்தேன். வந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக வரும் என்று நான் நினைக்கவில்லை. அவர் காலைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்னை அறியாமல் மூச்சை அடக்கியிருந்தேன்.

"மூச்சை விடுலே" என்றார். "நாறுன காலைத்தான் வெட்டியாச்சே."