லெமுவல் பிகெட் போட்ட கையெழுத்து

லெமுவல் பிகெட் வெளியே இருந்த காலத்தில் வீட்டுக் கூரை போடுகிறவர். இந்த அமெரிக்கச் சிறையில் என் கட்டிலுக்குக் கீழ்க்கட்டில் அவருடையது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிற நோயில் இடது கண் எப்போதோ போய்விட்டது. வேறு சிறையிலிருந்து இங்கே மாற்றியபோது, தினமும் விடும் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டார்கள். மிச்சமிருந்த வலது கண்ணும் ஓரத்திலிருந்து மங்க ஆரம்பித்தது.

"கோர்ட்டுக்கு எழுது வக்கீலே" என்றார். நான் வக்கீல் இல்லை. சிறை நூலகத்தில் சட்டம் படித்து மனு எழுதப் பழகிய கைதி, அவ்வளவுதான்.

"இப்ப எழுதினா குப்பைக்குத்தான் போகும். மொதல்ல இவங்ககிட்டயே புகார் குடுக்கணும். அப்புறம் இந்த ஜெயிலுக்கே தலைவரான வார்டனுக்கு அப்பீல், அப்புறம் தலைமை ஆபீஸுக்கு. மூணு பேரும் கைவிரிச்சாத்தான் ஃபெடரல் கோர்ட் ஜட்ஜ் உங்க பேரையே பார்ப்பாரு."

"அதுவரைக்கும் என் கண்ணு தாங்குமா?"

"அத உங்க கண்ணுகிட்டதான் கேக்கணும்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

முதல் புகார் திரும்பி வந்தது. ஒரு தாளில் ஒரு குறைதான் எழுத வேண்டுமாம். மருந்தை நிறுத்தியது ஒன்று, கண் டாக்டரிடம் காட்டாதது இன்னொன்றாம். டாக்டரை மட்டும் வைத்து மறுபடி எழுதினேன்.

நான் சலவைக்கூட வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், புகார்களைக் கவனிக்கும் மிஸ் ஹாலிஸ்டர் அவரிடம் வந்திருக்கிறார். "பிகெட், நல்ல சேதி! செவ்வாக்கெழம கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறோம். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க." இவர் நன்றி சொல்லிப் போட்டும் கொடுத்துவிட்டார். நான் வந்து நகலைப் பார்த்தேன். குறை தீர்ந்தது, புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று பொடி எழுத்தில் இருந்தது.

"படிச்சுப் பாக்காமலா போட்டீங்க?"

"படிக்க முடிஞ்சா நான் ஏன்ப்பா புகார் எழுதப்போறேன்?"

எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை விடியுமுன்பே முகம் மழித்து, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு உட்கார்ந்திருந்தார். வண்டி வரவில்லை. அடுத்த செவ்வாயும் வரவில்லை. புதுப் புகார் கொடுத்தோம். தீர்ந்துபோன விஷயம் என்று திருப்பிவிட்டார்கள். வேறு வழி தெரியாமல் நீதிமன்றத்துக்கே எழுதினேன். தீர்ப்பு வர ஐந்து மாதம் ஆனது. அதற்குள் வலது கண்ணும் போய்விட்டது.

தீர்ப்பை நான்தான் படித்துக் காட்டினேன். சிறையின் புகார் முறையை முழுதாக முடிக்கவில்லை, ஆகவே வழக்குத் தள்ளுபடி. முடித்துவிட்டுத் திரும்ப வரலாம்.

"அப்போ தோத்துப்போகல?"

"முடிச்சிட்டு வாங்கன்னுதான் சொல்றாரு."

"அப்புறம் என்ன, புதுத் தாள் எடு. நீ எழுது. கையெழுத்துப் போடுற எடத்துல என் விரல வை."

குறை நடந்த பதினைந்து நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்ற கெடு எப்போதோ தாண்டிவிட்டது என்பது எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. எழுதி, அவர் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தேன்.

நான்கே நாளில் திரும்பி வந்தது. காலம் கடந்தது என்று ஒரு வரி. தினமும் தபால் நேரத்தில், "நம்மளுக்கு ஏதாவது வந்துச்சா?" என்று கேட்கிறார். இன்னும் வரவில்லை என்கிறேன்.