தேர்ந்தெடுக்கக் கூடாதாம்!

எங்கள் ஆபீசில் வாடிக்கையாளர்களின் போனை எடுக்கும் வெடி அக்காவுக்குக் கண் தெரியாது. சின்ன வயதில் காய்ச்சலோடு போன பார்வை. அதைச் சொல்லி யாரிடமும் ஒரு சலுகை கேட்டவளில்லை. தையல்காரரான கணவருக்கு இடுப்பு போன பிறகு, வீடு இவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. இவள் சிரித்தால் அடுத்த அறையில் இருப்பவன் காபியைக் கொட்டிக்கொள்வான். பெயர் அப்படி வந்தது.

திரையில் வாடிக்கையாளரின் விவரம் வரும். கீபோர்டில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு அம்புக்குறியைத் தட்டுவாள். தேர்வாகிற எழுத்துகளை ஒரு குரல் அவள் காதில் வாசிக்கும். வேண்டிய வரியை மட்டும் கேட்டுவிட்டு, போனில் இருப்பவருக்குப் பதில் சொல்லிவிடுவாள். அவள் வேலையே அந்தத் தேர்வில்தான் இருந்தது.

அதில் மண்ணள்ளிப் போட்டவர் எங்கள் குழுத் தலைவர். எதற்கெடுத்தாலும் ‘சுத்தமா இருக்கணும்’ என்பார். நாங்கள் வைத்த பெயர் சுத்தம் சார். யாரோ வாடிக்கையாளர்களின் நம்பர்களை நகலெடுத்து வெளியே கொடுத்துவிட்டார்களாம். தேர்ந்தெடுத்தால்தானே நகலெடுக்க முடியும் என்று உடனே இவர் உட்கார்ந்து, எதைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த நொடியே தேர்வு கலைந்துபோகிற மாதிரி புரோகிராமை மாற்றினார். திருடனுக்குப் பயந்து வாசலையே செங்கல் வைத்து அடைத்த கெட்டிக்காரர்! செல்போனில் படம் எடுத்தால் என்ன செய்வாராம்?

மறுநாள் அக்காவின் காதில் குரல் ஒரே ஒரு எழுத்தைச் சொல்லிவிட்டு நின்றுபோனது. போனில் இருந்தவன் காத்திருந்து, கத்தி, வைத்துவிட்டான். அடுத்தவனும் அப்படியே. அந்த வாரமே அவளை நாற்காலியை விட்டு எழுப்பி, “வேகம் பத்தலம்மா, வேற ஆள் பாக்குறோம்” என்றார் சுத்தம் சார். அதே குழுவில் புரோகிராம் எழுதுகிற நான் நேரே அவர் மேஜைக்குப் போனேன்.

“சார், காப்பி பண்றதத்தான தடுக்கணும்? செலக்ட் பண்றத ஏன் தடுக்குறீங்க? உங்க ஒரு வரிய எடுத்துட்டு, காப்பிய மட்டும் அடைச்சா முடிஞ்சுது!”

“அவங்க ஒருத்தருக்காக எல்லாத்தையும் மாத்த முடியுமா?”

“அவங்க ஒருத்தர வீட்டுக்கு அனுப்ப மட்டும் மாத்தலாமா?”

நான் போட்ட சத்தத்தில் மேலாளர் அம்மாவே அறையை விட்டு வெளியே வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார். “மாத்துங்க” என்றார். டீ ஆறுவதற்குள் மாற்றிவிட்டேன்.

அக்கா தன் நாற்காலிக்குத் திரும்பினாள். அதோடு விட்டாரா சுத்தம் சார்? சாயங்காலம் எல்லோரையும் கூட்டி, அவள் மேஜையில் கேக் வைத்து, பக்கத்தில் நின்று போட்டோவுக்குச் சிரித்தார். கொஞ்சம்கூட கூச்சமில்லை!

“உங்களுக்காகவே ஸ்பெஷலா ஒரு வசதி பண்ணிக் குடுத்திருக்கோம். ரெண்டு வார்த்தை நன்றி சொல்லுங்கம்மா.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள் அக்கா.

“என் கையில இருந்ததப் பிடுங்குனீங்க. அது இல்லாம தடுமாறுறேன்னு சொல்லி என் வேலைக்கே உலை வெச்சீங்க. இப்ப அதையே திருப்பிக் குடுத்ததுக்கு நான் கும்பிடணுமா சார்?”

அவர் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது.

“தள்ளுங்க சார், ஆளு காத்திருக்காங்க” என்று ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள்.