பெயர் சொல்லாமல் ஏசுகிற முதலாளி

உலகத்தை இதுவரைக்கும் ஆண்ட அரசர், அரசி, சக்கரவர்த்தி, கவர்னர், மாவட்டக் கச்சேரி ஏசன்ட் அத்தனை பேரையும் ஒரு தராசுத் தட்டில் ஏற்றுங்கள். மற்றத் தட்டில் சாவகச்சேரிச் சந்தைக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கும் எங்கள் நாகேஸ்வரி அக்காவைத் தனியாக இருத்துங்கள். அரசர்கள் இருக்கிற தட்டு மேலே போய் முகட்டில் முட்டும். அவர்கள் ஆண்டதெல்லாம் வெறும் நாடுகள். நாகேஸ்வரி அக்கா ஆண்டது எங்கள் மூன்று பேரை. எது கடினம் என்று எங்களைத் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அரசர்களுக்குப் படை வேண்டும், மறியல் வீடு வேண்டும், தலை வெட்டுவதற்குச் சம்பளத்துக்கு ஆள் வேண்டும். அக்காவுக்கு ஒரு தையல் மெசின் போதும். அவர் எங்களை ஏசுவதே இல்லை. மெசினைத்தான் ஏசுவார். அதற்கு ராசாத்தி என்று பெயரும் வைத்திருந்தார்.

நான் பிந்தி வந்தால் என் பக்கம் திரும்பவே மாட்டார். மெசினின் கழுத்தைத் தடவிக்கொண்டு, "உனக்கென்ன ராசாத்தி, இஞ்சையே படுத்தெழும்பிறாய். சிலபேர் பாவம், லண்டனிலையிருந்தெல்லோ சாவகச்சேரிக்கு வரவேண்டிக் கிடக்கு" என்பார். என் வீடு கடையிலிருந்து கூப்பிடு தூரம்.

துணி வெட்டுகிற ஐரிஸ் அக்கா மெதடிஸ்ட் கோயிலில் பாட்டுப் பாடுகிறவர். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாலும் பாட்டு நிற்காது. ஒருநாள் பாட்டு உச்சத்துக்குப் போன நேரம் ஒரு சட்டைக் கை கட்டையாகிவிட்டது. "ராசாத்தி, உந்தக் கத்தரிக்கோலுக்கு ஞாயிற்றுக்கிழமையிலை மட்டும் பாடச் சொல்லு" என்றார் நாகேஸ்வரி அக்கா. குண்டு போடுகிற பொம்மர் வந்து எல்லோரும் பங்கருக்குள் ஓடிக் குந்தியிருந்தபோதுகூட விடவில்லை. மணல் மூட்டையைப் பார்த்து, "இஞ்சை ஓடி வாற கெதியிலை வேலைக்கும் வந்தால் எவ்வளவு வடிவு" என்றார். அதுவும் எனக்குத்தான். என் பெயர் ஞானாம்பிகை. பத்தாம் வகுப்புச் சோதனையில் கணக்கு என்னைக் கைவிட, நான் பள்ளிக்கூடத்தைக் கைவிட்டேன். கடையில் தெறிப் பொத்தான் தைப்பது, ஓரம் மடிப்பது, அயன் பெட்டிக்குள் சிரட்டைக் கரி போட்டு ஊதுவது என் உத்தியோகம்.

அக்கா இப்படிச் சுற்றி வளைத்து ஏசுவதற்கு ஒரு காரணம் இருந்தது. ஐரிஸ் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்கா குமர்ப்பிள்ளையாக இருந்த காலத்தில் யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு தையல் கடையில் வேலை செய்தவர். ஒரு கலியாணப் பெண்ணின் சட்டையைத் தப்பாக வெட்டிவிட்டார். பெண் வீட்டுக்காரர் எல்லோரும் நிற்க, முதலாளி "நாகேஸ்வரி! நாகேஸ்வரி!" என்று தெருவுக்குக் கேட்கக் கத்தியிருக்கிறார். அதற்குப் பிறகு அக்கா பஸ் நிலையத்துக்கு நடந்து போகும்போதெல்லாம் சைக்கிள் கடைப் பெடியள் அதே இழுவையில் அவர் பெயரைக் கூப்பிடுவார்களாம். தனக்குக் கீழே ஒருத்தி வேலை செய்தால் அவளுடைய பெயரைக் கோபத்தில் வாயில் எடுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு எடுத்தாராம். பின்பு ஒரு பழைய மெசினோடு தனியாகக் கடை தொடங்கி, கரண்ட் இல்லாத இந்தக் காலத்திலும் நாலு மிதி மெசினாக்கி வைத்திருக்கிறார். அந்த முடிவை மட்டும் மாற்றவில்லை.

நல்ல முடிவுதான். ஆனால் பெயர் எழுதாத கடிதம் எந்த வீட்டுப் படலைக்குள்ளும் விழலாம்.

மூன்றாவது ஆள் அருந்ததி. பலாலிப் பக்கத்தில் இருந்து குடும்பத்தோடு ஓடிவந்து, மீசாலையில் ஒரு சொந்தக்காரருடைய மாட்டுக்கொட்டிலைத் தட்டியால் மறைத்துக்கொண்டு இருப்பவள். அவளுடைய தையல் கோடு போட்ட மாதிரி நேராக ஓடும். அதிகம் கதைக்க மாட்டாள். நான் பகிடி விட்டால் எல்லோரும் சிரித்து முடிந்த பிறகு, துணிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு தனியாகச் சிரிப்பாள்.

மார்கழி மாதம். தை பிறந்து பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன் கொடுக்க வேண்டிய வெள்ளைச் சட்டைகள் மலையாகக் கிடந்தன. குணலட்சுமி ரீச்சர் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சட்டைத் துணியும் தைக்கத் தந்திருந்தார். கொழும்பிலிருந்து யாரோ எவ்வளவோ பாடுபட்டுக் கொண்டுவந்து கொடுத்த துணி. அதில் மிஞ்சிய துண்டைப் பார்த்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. பக்கத்துத் தேத்தண்ணிக் கடை ஏரம்பு அண்ணையிடம் ஒரு ஆட்டுக்கிடாய் நின்றது. நடையில் ஊரை ஆளுகிற ஒரு விதானையார் மிடுக்கு. அதற்கு ஒரு காற்சட்டை தைத்துப் போட்டுவிட்டேன். வாலுக்கு ஓட்டையும் விட்டு, அதற்குத் தெறியும் வைத்தேன்.

அடுத்த நாள் காலையில் கிடாய் காற்சட்டையோடு சந்தைப் பக்கம் புறப்பட, நாகேஸ்வரி அக்கா வேலிக்குப் பின்னால் அதைப் பிடித்து ஒரு சொல்லும் சொல்லாமல் உரிந்தெடுத்தார். நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் பார்த்துக்கொண்டு நின்றதை அவரும் கண்டார். வேறு யாருக்கும் தெரியாது.

அன்றைக்கே ரீச்சர் வந்தார். "பிள்ளை, மிச்சத் துண்டு இருக்கவேணுமே, எங்கை?" என்று கேட்டார். அக்கா எதையோ சொல்லிச் சமாளித்து அனுப்பினார். ரீச்சர் படி இறங்கியதும் மெசினுக்கு முன்னால் போய் இருந்தார்.

"பாத்தியோடி ராசாத்தி, ஊராற்றை துண்டிலை கை வைக்கிறவைக்கு இந்தக் கடையிலை என்ன வேலை? துண்டிலை ஆசைப்படுறவையை நம்பி முழுத்துணியை எப்பிடிக் குடுக்கிறது? பாவம் எண்டு பாத்துத்தான் வைச்சிருக்கிறன். எல்லாத்துக்கும் ஒரு அளவிருக்கு."

கடையில் இரண்டு தலைகள் குனிந்தன. என் தலை சிரிப்பை அடக்கக் குனிந்தது. மற்றது அருந்ததியின் தலை.

அடுத்த நாள் அருந்ததி வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. பிறகுதான் ஐரிஸ் அக்கா மெல்ல வாயைத் திறந்தார். "அவள் தம்பியின்ரை பள்ளிக்கூடச் சேட்டுக் கொலர் கிழிஞ்சு போச்செண்டு என்னட்டை ரெண்டு வெள்ளைத் துண்டு கேட்டவள். குப்பைக்குப் போறதுதானே எண்டு நான்தான் எடுத்துக் குடுத்தனான். ரீச்சர் வந்ததுக்கு முதல்நாள்."

நாகேஸ்வரி அக்காவின் முகம் வெளிறிப்போனது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. "ஐரிஸ், நீ மீசாலைப் பக்கம் போனால் மெசின் சும்மா கிடந்து துருப்பிடிக்குதெண்டு சொல்லிவிடு" என்றார். திரும்பி வா என்பதற்கு அவருடைய பாசையில் அதுதான் சொல். ஐரிஸ் அக்கா வேதவசனம் போல ஒரு எழுத்துப் பிசகாமல் அதைக் கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறார். மெசினுக்கு வேறு ஆள் பிடிக்கப் போகிறார்கள் என்று அருந்ததி விளங்கிக்கொண்டாள்.

ஐரிஸ் அக்கா ஒரு பேப்பர்ப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார். உள்ளே அருந்ததி பாவித்த, கடையின் சின்னக் கத்தரிக்கோல் இருந்தது. அதற்குக் கீழே இரண்டு வெள்ளைத் துண்டுகள், தோய்த்து, அயன் பண்ணி, நாலாக மடித்தபடி. நாகேஸ்வரி அக்கா ஒன்றை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரமெல்லாம் ஊசி போன ஓட்டை. தம்பியின் கொலரில் தைத்து முடித்ததைப் பிரித்தெடுத்து அனுப்பியிருக்கிறாள்.

அக்கா அந்தத் துண்டை மடியில் வைத்து, ஓட்டைகளை விரலால் தடவினார். நான் என் பாட்டுக்கு ஒரு தெறியைத் தைத்துப் பிரித்து, தைத்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். அன்று மெசினுக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

பின்னேரம், "ஞானம், சைக்கிளை எடு" என்றார்.

நான் மிதிக்க, அவர் கரியரில் இருந்தார். வழியெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் எதையோ முணுமுணுத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அருந்ததியின் தாய் ஓலைப் பாயைத் தட்டிப் போட்டு எங்களை இருத்தி, வெறுந்தேத்தண்ணியும் பனங்கட்டியும் தந்தார். அருந்ததி கொட்டிலின் கப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இருக்கவில்லை. கொடியில் ஒரு வெள்ளைச் சேட்டு தொங்கியது. கொலர் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பனங்கட்டியைக் கடித்தேன்.

அக்கா தொண்டையைச் செருமினார். முற்றத்தில் மேய்ந்த கோழியைப் பார்த்தார். "பாரன் கோழி, சிலபேர் வாய் தவறி ஏதும் சொல்லிப்போட்டால்..."

"அக்கா" என்றாள் அருந்ததி. "கோழிக்கு ஒண்டும் விளங்காது. ஆருக்குச் சொல்லுறியள்?"

அக்கா கோப்பையைக் கீழே வைத்தார்.

"உனக்குத்தான் அருந்ததி. அண்டைக்கு நான் உன்னைச் சொல்லேல்லை. இந்தா இருக்கிறாளே, இவள்தான் ரீச்சற்றை துண்டை எடுத்து ஏரம்பற்றை கிடாய்க்குக் காற்சட்டை தைச்சவள். எனக்குத் தெரியும். இவளின்ரை பேரைச் சொல்லாமல் விட்டது என்ரை பிழை."

அருந்ததி என்னைப் பார்த்தாள். நான் கோழியைப் பார்த்தேன். கோழியிடம் கதைப்பது எவ்வளவு சுகம் என்று அப்போதுதான் விளங்கியது.

"ரீச்சர் சந்தையிலை அம்மாவைக் கண்டிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவ, அக்கா" என்றாள் அருந்ததி. குரலை உயர்த்தவில்லை. "நீங்கள் ஏசினது தெருவுக்குக் கேட்டிருக்கு. நான் வேலைக்கு வரேல்லை எண்டவுடனை நான்தான் எடுத்தனான் எண்டு சந்தை முழுக்கக் கதை. நீங்கள் மாட்டுக்கொட்டிலுக்கை வந்து எனக்குச் சொன்னால் அது ஆருக்குக் கேக்கும்? ரீச்சருக்கு முன்னாலை, கடையிலை வைச்சுச் சொல்லுங்கோ. சொன்னால் வாறன்."

"பிள்ளை, பெரியாக்களோடை இப்பிடியே கதைக்கிறது?" என்று தாய் பதறினார்.

"விடுங்கோ அம்மா. அவள் கேக்கிறது சரி" என்றார் அக்கா. திரும்பி வரும்போது முணுமுணுப்புக்கூட இல்லை. கரியரில் ஆள் இருக்கிறாரோ என்று நான் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன்.

ரீச்சர் சட்டை எடுக்க வருகிற அன்று அருந்ததி வந்தாள். உள்ளே வராமல் வாசல் நிலையோடு நின்றாள். ரீச்சர் அவளைக் கண்டதும் கைப்பையை மற்றக் கைக்கு மாற்றினார். அதைப் பார்த்த அக்காவுக்குக் காதுவரை சிவந்துவிட்டது.

"ரீச்சர், கொஞ்சம் நில்லுங்கோ" என்றார். எழும்பி நின்றார். மெசினைப் பார்க்கவில்லை. "உங்கடை துண்டு துலைஞ்சதுக்கும் அருந்ததிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆர் எடுத்ததெண்டு தெரிஞ்சுகொண்டு, பேர் சொல்லாமல் பொதுவாய் ஏசினது நான். இந்தப் பிள்ளைக்குப் பழி வந்தது என்னாலை. நாகேஸ்வரி செய்தது பிழை. சந்தையிலை ஆரும் கதைச்சால் நான் சொன்னதெண்டே சொல்லுங்கோ."

தன்னுடைய பெயரை அவர் இழுத்துத்தான் சொன்னார். அந்தப் பழைய முதலாளி இழுத்த இழுவை அதுவாகத்தான் இருக்கும். ஐரிஸ் அக்கா கத்தரிக்கோலைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"அப்ப ஆர் எடுத்தது?" என்றார் ரீச்சர்.

"ஞானாம்பிகை. பக்கத்துக் கடைக் கிடாய்க்குக் காற்சட்டை தைச்சவள்."

ரீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நிலம் பிளந்தால் போய்விடலாம் என்று கீழே பார்த்தேன். சீமெந்து நிலம், வெடிப்புக்கூட இல்லை.

"கிடாய்க்கோ?" என்றார். பிறகு, "அளவாய் இருந்ததோ?"

ரீச்சர் சட்டையை வாங்கிக்கொண்டு, வாசலில் அருந்ததிக்குப் பக்கத்தில் நின்றார். "அம்மாவை நான் சுகம் கேட்டதெண்டு சொல்லு பிள்ளை" என்று சொல்லிவிட்டு, குடையை விரிக்க மறந்து வெயிலுக்குள் நடந்தார்.

அருந்ததி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். தன்னுடைய மெசின் மூடியை எடுத்தாள். பக்கத்தில் அவளுடைய பங்கு வெள்ளைச் சட்டைகள் தைத்து அடுக்கியபடி இருந்தன. அவள் ஒன்றை எடுத்து விரித்தாள். கொலரைப் பார்த்தாள். பிறகு துணிக்குள் முகத்தை வைத்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துபோனேன். சிரிப்பு.

நாகேஸ்வரி அக்கா வந்து சட்டையை வாங்கிப் பார்த்தார்.

"ஞானம், உது ஆற்றை தையல்?"

"அருந்ததியின்ரை எண்டு நினைக்கிறன் அக்கா."

"அருந்ததியின்ரை தையல் தண்டவாளம். உது கள்ளு வெறிகாரன் போன வழி. ஐரிஸ் வெட்ட மட்டும்தான். நான் தைக்கேல்லை. அப்ப ஆர்?"

"பேயாய் இருக்கும்."

"என்னைப் பார். வேறை ஆளை அந்த மெசினிலை இருத்திப்போடுவன் எண்டு பயந்து, விடியக் கடை திறக்க முதல் பின் யன்னலாலை பூந்து தைச்சனீ. ஏரம்பண்ணை கண்டவர். ஓமோ, இல்லையோ?"

இதை நான் இந்தக் கதையில் எழுதாமல் விடுவதாகத்தான் இருந்தேன்.

"தைச்சுப் பழகினனான்" என்றேன்.

"பழகினனீயோ? செய்யிற குழப்படியை எல்லாம் ஊருக்குக் காட்டிறனீ, இதை மட்டும் ஏனடி ஒளிச்சனீ?"

மூன்று பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் போய் அயன் பெட்டியைத் திறந்து, கன்னம் இரண்டும் உப்ப ஊதத் தொடங்கினேன்.

"கரி போட்டிட்டு ஊது பிள்ளை" என்றார் ஐரிஸ் அக்கா.