திருப்பி வைத்து அளந்தவர்

கொழும்பு ரயிலுக்காக நானுஓயா ஸ்டேசனில் நின்றுகொண்டிருந்தேன். அக்கரப்பத்தனையில் கடை வைத்திருக்கும் காசிம் நானா என்னைக் கண்டதும் நேரே வந்தார். "தேவசகாயம் நேத்து காலமாயிட்டாருங்க. நெஞ்சு வலின்னாங்க. இன்னைக்கி மத்தியானம் அடக்கம்," என்றார். கொழும்பில் எனக்கிருந்த வேலை என்னவென்றே மறந்துபோயிற்று. அக்கரப்பத்தனை பஸ்ஸில் இடம் இருந்தும் உட்கார முடியாமல் பாதி வழி நின்றுகொண்டே போனேன்.

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு அந்த அறை ஞாபகம் இருக்கும். தேயிலையை ஆராயும் இடத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு நுழையக்கூடாத ஒரே அறை அது. உள்ளே, அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு மூலக்கூறுகளை அளக்கும் கருவி இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர் சாதாரணக் கண்ணாடியைத் தாண்டாது. ஆகவே மாதிரியைப் பாறையுப்பில் செய்த தகட்டின்மேல் வைக்க வேண்டும். மலையில் மூட்டம் இறங்கினால் உப்பு வியர்த்து மங்கிவிடும். தேவசகாயம் அலமாரிக்குள் எந்நேரமும் பல்பு எரியவிட்டுத் தகடுகளைக் காப்பாற்றினார். பேச வந்தவர்களிடம், "அங்கிட்டுத் திரும்பி மூச்சு விடுங்க," என்பார். நிலையத்துக்குத் தலைவரான வெள்ளைக்காரத் துரைக்கும் அதே சட்டம்தான், ஆங்கிலத்தில்.

மனிதருக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. கருவியின் பேனா தாளில் கோடு போடும் நேரமெல்லாம் அறைக்குள் நடந்துகொண்டே இருப்பார். "உக்காருங்கய்யா, எனக்குத் தலை சுத்துது," என்று நான் சத்தம் போட்டிருக்கிறேன். "கோடு அழகா வந்தாத்தாண்ணே எனக்குப் பயம்," என்பார்.

அப்படி ஒரு கோடு வந்தது. தேயிலைக் கொழுந்தில் வரும் கொப்புள நோய்க்கு அடிக்கும் மருந்து மழையில் வழிந்துபோவது ஏன் என்று துரை ஆராய்ந்துகொண்டிருந்தார். இலையின் மேலுள்ள மெழுகில் மூலக்கூறுகள் ஒரே திசையில் அணிவகுத்து நிற்கின்றன, அதனால்தான் மருந்து ஒட்டவில்லை, இன்னும் காரமான மருந்து வேண்டும் என்பது அவர் கட்சி. அதைக் காட்ட, ஒரு திசையில் மட்டும் அதிரும் கதிரை மெழுகுப் படலத்தில் செலுத்தி அளக்க வேண்டும். பிறகு அதற்குக் குறுக்கான திசையில் அளக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அணிவகுப்பு உண்டு. வித்தியாசம் நன்றாகவே வந்தது. துரை பூரித்துப்போய்த் தோட்டத் துரைமார் சிலரிடம் சொல்லியும் விட்டார்.

தேவசகாயத்துக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. படலத்தைக் கால் வட்டம் திருப்பி வைத்தார். அணிவகுப்பு மெழுகில் இருந்தால் வித்தியாசமும் கூடவே திரும்ப வேண்டும். திரும்பவில்லை. "கோணல் மெழுகுல இல்லண்ணே, மெஷின்ல இருக்கு," என்றார். ஒரு திசைக் கதிரைக் கருவியே கூடுதலாக விட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கோணல் இரண்டு அளவிலும் ஒன்றுபோல விழும்படி எல்லாவற்றையும் நாற்பத்தைந்து பாகை சாய்த்து வைத்து அளந்தால்தான் உண்மை தெரியும்.

அவருடைய நிலைமையை இங்கே சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் பிறந்தவர்; இந்திய வம்சாவளி என்று சட்டம் பிரஜாவுரிமை தராததால் அதைக் கேட்டு விண்ணப்பித்திருந்தார். அது கிடைக்காவிட்டால் வேலை நிலைக்காது. விண்ணப்பத்துக்குத் தம் கைப்பட ஒரு சான்று தருவதாகத் துரை சொல்லியிருந்தார். அன்று மாலை நான் அவர் வீட்டில் இருந்தேன். மனைவி செல்லம்மா அடுப்படியிலிருந்தே சொன்னார்: "தொரை அந்தக் கடுதாசியக் குடுக்கட்டுங்க. அப்பறமா எத்தன தடவ வேணும்னாலும் திருப்பிப் பாருங்க. மெழுகு எங்கயும் ஓடிறாது."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. தேவசகாயம் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார். "அதுக்குள்ள தோட்டத்துல மருந்த மாத்திருவாங்க செல்லம்மா. அத முதுகுல சொமந்து அடிக்கிறது நம்ம ஆளுக."

மறுநாள் சாய்த்து வைத்து அளந்தார். வித்தியாசம் காணாமல் போயிற்று. அந்தத் தாளைத் துரையின் மேசையில் கொண்டுபோய் விரித்தார். துரை வெகுநேரம் பார்த்துவிட்டு "தேங்க் யூ" என்றாராம். புதிய மருந்துப் பேச்சு அதோடு நின்றது. சான்று வரவில்லை. விடுமுறையில் சீமைக்குப் போன துரையும் திரும்பி வரவில்லை. கோபமா, மறதியா, எனக்குத் தெரியாது; நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. விண்ணப்பம் தள்ளுபடியாகி வேலையும் போனது. அக்கரப்பத்தனையில் ஒரு தோட்டத் தொழிற்சாலையில் சேர்ந்தார். பிறந்த மலையிலேயே நாடற்றவராக இருந்து முடிந்துபோனார்.

அடக்கம் முடிந்தது. சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவதுதான் வழக்கம். செல்லம்மாவே வாசலுக்கு வந்து என்னை நிறுத்தினார்.

"அண்ணே, ஒன்னு கேக்கணும். அன்னைக்கி அவரு பாத்தது சரிதானுங்களா?"

"சரிதாம்மா."

"அது போதும்," என்று உள்ளே போய்விட்டார்.

எனக்குப் போதவில்லை. மறுநாள் காலையில் அந்த அறையைத் திறந்தேன். அலமாரியில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க நான் யாரையும் விட்டதில்லை. புதிதாக ஒரு படலம் எடுத்து, சாய்த்து வைத்து, இரண்டு திசையிலும் அளந்தேன். வித்தியாசம் இல்லை. செல்லம்மாவிடம் நான் சொன்னது சரிதான். அத்தோடு கருவியை நிறுத்தியிருக்கலாம். தேவசகாயம் எனக்கென்று விட்டுப்போனது இந்த நிலைகொள்ளாமைதான் போலும். படலத்தை எடுத்துத் திருப்பி வைத்தேன். பேனா கோடு போடத் தொடங்கியதும் அறைக்குள் நடக்க ஆரம்பித்தேன்.