கருவாடு எந்தக் குழுவுக்குச் சேரும்?

என் வீட்டுக்காரர் சொந்தக்காரர்களிடம் என்னைப் பற்றிப் பேசும்போது, "இவதான் பெங்களூருல சட்டம் போடுறா" என்பார். நான் சட்டம் போடுவதில்லை. சட்டசபையின் குழுக்கள் கூடும் அறையில் ஓரமாக உட்கார்ந்து, யார் என்ன சொன்னார்கள் என்று குறிப்பெடுக்கிறேன். காலையில் எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறி, பெங்களூர் கண்டோன்மென்டில் இறங்கி, சாயங்காலம் அதே வழியில் திரும்பி வருகிறேன். தங்கம் எடுத்த மைன்ஸ் மூடின பிறகு எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இதுதான் பிழைப்பு. அப்பாக்கள் சுரங்க ஷாஃப்டில் இறங்கினார்கள், நாங்கள் ரயிலில் ஏறுகிறோம்.

டிவியில் சட்டசபையைப் பார்க்கிறவர்களுக்குச் சத்தம் மட்டும்தான் தெரியும். நிஜமான வேலை பக்கத்து அறைகளில் நடக்கிறது. எல்லா உறுப்பினரும் எல்லா மசோதாவையும் வரிவரியாகப் படிக்க உட்கார்ந்தால் எந்தச் சட்டமும் வெளியே வராது. அதனால் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். செலவுக் கணக்கைக் குடைய ஒரு குழு. மனு கொடுத்தவர்களைக் கேட்க ஒரு குழு. சபையில் மந்திரி கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று துரத்த ஒரு குழு. சிக்கலான மசோதா வந்தால் அதற்கென்றே தனியாக ஒரு குழு. ஒவ்வொன்றிலும் எல்லாக் கட்சியிலிருந்தும் சிலர் இருப்பார்கள். அங்கே கேமரா கிடையாது. காலையில் சபையில் மேசையைத் தட்டிச் சண்டை போட்ட இரண்டு பேர், மத்தியானம் ஒரே தட்டில் மசால் வடையைப் பிய்த்துக்கொண்டு, "மூணாவது பிரிவுல அந்த ‘அல்லது’வை எடுத்துடலாமா?" என்று குசுகுசுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த ஞானத்தை நான் அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். போன வருஷம் அதை எங்கள் லேடீஸ் பெட்டிக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

எங்கள் பெட்டியில் மூன்று பெரும்புள்ளிகள். ஒருவர் நர்ஸ் அக்கா. ஆண்டர்சன்பேட்டைக்காரர், சர்ச் பாட்டுக் குழுவில் பாடுகிறவர், பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. ரயில் கிளம்பும் மாரிக்குப்பத்திலேயே ஏறிவிடுவார். ஏறினதும் ஒரு சீட்டில் துப்பட்டா, ஒரு சீட்டில் குடை, ஒரு சீட்டில் ஸ்வெட்டர் என்று விரித்து, பின்னால் வரும் சிநேகிதிகளுக்கு இடம் பிடித்துவிடுவார்.

இரண்டாவது ஆள் பேங்க் மேடம். என்னோடு கோரமண்டலில் ஏறுகிறவர், கறாரான ஆள். மூன்றாவது, எங்கள் ஊரிலேயே மைசூர் மைன்ஸ் என்கிற பழைய சுரங்கத்துப் பக்கத்திலிருந்து வரும் சூப்பர்வைசர் அக்கா. மாலூரில் ஒரு கார்மென்ட்ஸில் தையல் லைன் முழுக்க அவர் குரலுக்கு அடக்கம். வீட்டில் சாப்பிட நேரமில்லாததால் ரயிலில்தான் டிபன் பாக்ஸைத் திறப்பார். வாரத்தில் பாதி நாள் அதில் கருவாட்டுக் குழம்பு.

பேங்க் மேடம் கருவாடு சாப்பிடாதவர் இல்லை. "வீட்ல நானும்தான் வறுப்பேன். ஆனா காலங்காத்தால என் பட்டுப் புடவை மேல அந்த வாசனை ஏறிக்கினு, நான் கவுன்ட்டர்ல போய் உட்காரணுமா?" என்பார். வாசனை வந்ததும் ஜன்னலைத் திறப்பார். ஜன்னலைத் திறந்தால் நர்ஸ் அக்காவுக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும்.

ஒரு நாள் மூன்றும் ஒன்றாக வெடித்தது. உட்கார இடமில்லாமல் ஸ்வெட்டரைத் தூக்கிப் போட்ட பேங்க் மேடம், நடுவழியில் நின்றபடி, "இன்னிக்கு ஒரு ரூல் போட்டே ஆகணும்! சீட் பிடிக்கக் கூடாது, கருவாடு கொண்டாரக் கூடாது, ஜன்னல் திறந்தே இருக்கணும்!" என்றார். உடனே பெட்டி மொத்தமும் எல்லாவற்றைப் பற்றியும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது. ஜன்னலைப் பற்றிக் கேட்டால் ஒருத்தி கருவாட்டைப் பற்றிப் பதில் சொன்னாள். இன்னொருத்தி அவள் மாமியாரைப் பற்றிப் பேசினாள். மாலூர் வந்துவிட்டது, ஒரு ரூலும் வரவில்லை.

"இன்னாக்கா, நீங்க சட்டசபையில கீறீங்க, சும்மா பார்த்துகினு கீறீங்களே?" என்று சூப்பர்வைசர் அக்கா இறங்கும்போது என்னை ஒரு இடி இடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் நான் வாயைத் திறந்தேன். எல்லோரும் எல்லாவற்றையும் பேசினால் வேலைக்காகாது, பிரித்துக்கொள்ளுங்கள் என்றேன். சீட்டுக்கு ஒரு குழு, சாப்பாட்டுக்கு ஒரு குழு, ஜன்னலுக்கு ஒரு குழு. குழு உட்கார்ந்து பேசி ஒரு யோசனை சொல்லட்டும். சட்டமாக்குவதும் தள்ளுவதும் பெட்டி மொத்தத்தின் உரிமை. எல்லோருக்கும் பிடித்துவிட்டது. "தலைவர் யாரு?" என்று கேட்டார்கள்.

இங்கேதான் எனக்குக் குறும்பு தலைக்கேறியது. சீட் குழுவுக்கு நர்ஸ் அக்கா, சாப்பாட்டுக் குழுவுக்கு சூப்பர்வைசர் அக்கா, ஜன்னல் குழுவுக்கு பேங்க் மேடம் என்று சொன்னேன்.

பேங்க் மேடம் என்னை முறைத்தார். "திருடன் கையிலயே சாவியைக் கொடுக்கிறீங்களா?"

"எங்க இடத்துல செலவுக் கணக்கைப் பார்க்கிற குழுவுக்கு எதிர்க்கட்சி ஆளைத்தான் தலைவரா உட்கார வைப்பாங்க மேடம். அது ஒரு வழக்கம்" என்றேன்.

அந்த வழக்கத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் முகத்தை மட்டும் ரொம்ப சீரியஸாக வைத்துக்கொண்டேன். அரசாங்கச் சம்பளத்தில் நான் கற்றுக்கொண்ட கலை அது.

குழுக்கள் வேலையில் இறங்கின. முதலில் சாப்பாட்டுக் குழுவின் யோசனை வந்தது. சூப்பர்வைசர் அக்கா எழுந்து நின்று, தையல் லைனில் பேசுகிற குரலில் அறிவித்தார். பெட்டியில் இனிமேல் அவித்த முட்டை கூடாது, பலாப்பழம் கூடாது, முள்ளங்கி சாம்பார் கண்டிப்பாகக் கூடாது.

பேங்க் மேடத்தின் டிபன் பாக்ஸில் அன்றைக்கு முள்ளங்கி சாம்பார்தான் இருந்தது. பெரும்பாலான நாட்களில் அதுதான்.

"கருவாடு?" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இது சாப்பாட்டுக் குழு மேடம். கருவாடு சாப்பாடு இல்ல, தொட்டுக்க. தொட்டுக்கிறதைப் பத்திப் பேச எங்களுக்கு அதிகாரம் இல்ல."

நான் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எங்கள் அறைகளில் படித்த வக்கீல்கள் ஒரு சொல்லுக்குப் பொருள் என்ன என்று பல கூட்டங்கள் பேசுவார்கள். எந்தச் சட்டத்திலும் முதல் பக்கத்தில் ‘இன்ன சொல்லுக்கு இன்ன பொருள்’ என்று ஒரு பிரிவு வரும். கவனிக்கிறவருக்குப் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும். சூப்பர்வைசர் அக்காவுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பேங்க் மேடம் சும்மா இருப்பாரா? ஜன்னல் குழுவை அதுவரை அவர் மதிக்கவே இல்லை. அன்றைக்கு மதிக்க ஆரம்பித்தார். "அப்படியா? கருவாடு வாசனை காத்துல வருது. காத்து ஜன்னல் வழியா வருது. ஆகவே கருவாடு என் குழுவுக்குச் சேரும்" என்றார். பாக்ஸ் திறந்த உடனே அந்தப் பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் திறக்கப்பட வேண்டும் என்று உத்தரவே போட்டுவிட்டார். நர்ஸ் அக்கா தும்மத் தொடங்கினார்.

இதற்கு நடுவில் நர்ஸ் அக்காவின் சீட் குழு மட்டும் ஒன்றும் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு விஷயத்தைச் சாகடிக்க வேண்டுமானால் அதைக் குழுவுக்கு அனுப்பி மறந்துவிடலாம் என்பதை அவர் தானாகவே கண்டுபிடித்திருந்தார். நான்தான் ஒரு நாள், "அக்கா, பாதிக்கப்பட்டவங்களைக் கூப்பிட்டுக் கேட்கணும். அதுவும் குழுவோட வேலை" என்று கொளுத்திப் போட்டேன்.

பங்காரப்பேட்டையில் ஒரு பூக்கார அம்மா ஏறுவார். கூடையோடு கே.ஆர்.புரம் வரைக்கும் கதவோரத்தில் நின்றே வருவார். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். அவரை சாட்சி சொல்லக் கூப்பிட்டோம். நர்ஸ் அக்கா, நோயாளியைக் கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, நீங்க ஏன் எப்பவும் நின்னுகினே வர்றீங்க?"

"சீட்டு மேல துணி போட்டிருக்கு இல்லம்மா? அது ரயில்வே போட்ட துணின்னு நெனச்சேன். பெரிய ஆபீசருங்களுக்கு."

பெட்டி அதிர்ந்தது. பங்காரப்பேட்டைப் பெண்கள் கை தட்டினார்கள். நர்ஸ் அக்கா முகம் சிவந்து, பிறகு தானே சிரித்து, துப்பட்டாவை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "வந்து உட்காருங்க" என்றார். பூக்கார அம்மா உட்கார்ந்தார். உட்கார்ந்ததும், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து சீட்டில் கூடையை வைத்துக்கொண்டார்.

"கூடைக்கும் ஒரு சீட்டா?" என்றார் நர்ஸ் அக்கா.

"சாமிக்குப் போற பூவும்மா. கால் கிட்ட வெக்கலாமா? சொல்லுங்க."

சர்ச்சில் மாதாவுக்கும் அந்தக் கூடையிலிருந்துதான் பல சனிக்கிழமைகளில் பூமாலை போகிறது. கடைசியில் கூடையை மடியில் மாற்றி மாற்றி வைத்துக்கொள்வது என்று முடிவானது. அன்றைக்கு வைட்ஃபீல்டு வரை என் மடியில் சாமந்தி. புடவையில் ஒட்டிய இதழ்களைப் பார்த்து ஆபீஸில் எல்லோரும் என்னிடம் வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டார்கள்.

சீட் குழு அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. ஆளுக்கு ஒரு சீட், ஆள் இல்லாத சீட்டில் எந்தப் பொருளும் கூடாது என்று தெளிவாகச் சொன்னது. மிச்சம் இருந்தது கருவாடுதான். இரண்டு குழுக்களும் அது தன்னுடையது என்கிறபோது, இரண்டும் சேர்ந்து உட்கார வேண்டும் என்றேன். சூப்பர்வைசர் அக்காவும் பேங்க் மேடமும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கோபம் இருந்தது. ஆனாலும் அவர்களைச் சுற்றிக் கூட்டம் இல்லாததால், கத்த வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. குழு அறைகளில் நான் பார்ப்பதும் அதேதான். பார்க்க ஆள் இல்லையென்றால் மனிதர்கள் வெகு சீக்கிரம் இறங்கி வருகிறார்கள்.

ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கருவாடு சாப்பிடுகிறவர் ஜன்னலோரத்தில்தான் சாப்பிட வேண்டும். அந்த ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருக்கும், மற்றவை மூடியிருக்கும். இருவரும் கை குலுக்கினார்கள்.

நர்ஸ் அக்கா அதைக் கேட்டுவிட்டு எழுந்தார். "நில்லுங்க. அப்போ கருவாடு கொண்டாந்தா ஜன்னல் சீட் கன்ஃபர்மா? ஆளுக்கு ரிசர்வேஷன் கிடையாது, கருவாட்டுக்கு மட்டும் உண்டா? சீட் என் குழு!"

அவர் சொன்னது நியாயம். அடுத்த வாரமே மூன்று பேர் கருவாடு கொண்டுவந்தார்கள். ஒருத்தி வீட்டில் யாரும் கருவாடு சாப்பிடுவதே இல்லை. ஜன்னல் சீட்டுக்காக ஒரு துண்டை மட்டும் பாக்ஸில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். பெட்டி மொத்தமும் கூடி, அந்தச் சலுகை ஒரு நாளைக்கு ஒருவருக்கு மட்டும், முறை வைத்து என்று திருத்திச் சட்டத்தை நிறைவேற்றியது. முள்ளங்கி சாம்பார் தடை தோற்றது. கருவாட்டுக்கு எதிராகத் தன் கருத்தைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்றார் பேங்க் மேடம். குழுவில் ஒத்துக்கொள்ளாதவர் அப்படிச் செய்யலாம் என்று நானே முன்பு சொல்லியிருந்தேன். எழுந்து நின்று, பெட்டி முழுக்கக் கேட்கும்படி பதிவு செய்தார்.

ஐப்பசியில் ஒரு காலை, பெருமழை. டேக்கல் ஸ்டேஷன் தாண்டி ரயில் நின்றுவிட்டது. நகர்கிற மாதிரியே தெரியவில்லை. ஏறும்போது நெரிசலில் பேங்க் மேடத்தின் பாக்ஸ் கவிழ்ந்து, முள்ளங்கி சாம்பார் மொத்தமும் பைக்குள் கொட்டியிருந்தது. பசியில் அவர் முகம் சுருங்கிப்போனது. சூப்பர்வைசர் அக்கா தன் பாக்ஸின் மூடியில் சோறும் குழம்பும் வைத்து நீட்டினார். பேங்க் மேடம் வாங்கிக்கொண்டார். இரண்டு வாய் சாப்பிட்டதும், ஜன்னல் குழுத் தலைவர் என்ற முறையில் என்னைப் பார்த்து, "ஜன்னலைச் சாத்துங்க. வாசனை வெளிய போய் வீணாவுது" என்றார்.

தை மாதம் நர்ஸ் அக்காவுக்கு ஊருக்குள்ளேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அவருக்குப் பெட்டியில் கேக் வெட்டி வழியனுப்பினோம். சீட் குழுவுக்குத் தலைவர் இல்லை. ஓட்டெடுப்பு நடத்தினோம். மாரிக்குப்பத்தில் ஏறுகிறவர்களைவிடப் பங்காரப்பேட்டையில் ஏறுகிறவர்கள் அதிகம் என்பதை எங்களில் ஒருவரும் அதுவரை யோசித்ததில்லை. பூக்கார அம்மா ஜெயித்தார்.

அவர் போட்ட முதல் யோசனை: மைன்ஸ் ஊர்க்காரர்கள் பங்காரப்பேட்டை வரை உட்கார்ந்து வந்தாயிற்று. அங்கிருந்து மாலூர் வரை, கார்மென்ட்ஸ்காரர்கள் இறங்கி இடம் காலியாகும்வரை, பங்காரப்பேட்டைக்காரர்கள் உட்காரட்டும். அதே ஓட்டுகளால் அது நிறைவேறியது.

நான் முறையிட்டேன். முழங்கால் வலி என்றேன். எவ்வளவு வருஷம் இந்த ரயிலில் வருகிறேன் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி என் தலையில் வைத்துவிட்டார்.

"மனு கேட்கிறதுக்கு ஒரு குழு கீதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க? அங்க போங்க."

எங்கள் பெட்டியில் அந்தக் குழுவை இன்னும் யாரும் அமைக்கவில்லை. மாலூர் வரை நின்றுகொண்டே போகிறேன்.