நான்கு விரல் தகடு

பசைக்கூடத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் பசையக்கா பெயர் கேட்க மாட்டாள். “கையைக் காட்டு தம்பி” என்பாள். பட்டம் வாங்கிய கையோடு வந்து சேர்ந்த வேதியியல்காரனிடமும் அதையேதான் கேட்டாள். இரண்டு கைகளையும் புரட்டிப் பார்த்து, விரல்களை எண்ணி, “சரி, போ” என்றாள். எதற்கு எண்ணினாள் என்பது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அங்கே செய்வது காயம் ஒட்டும் பசை. அலை அடித்தாலும் பாறையை விடாத கருஞ்சிப்பிகளை உப்புநீர்த் தொட்டியில் கண்ணாடித் தகட்டின்மேல் விடுவார்கள். அவை தலைமயிர் போல நூல் விட்டு ஒட்டிக்கொள்ளும். அந்த நூலைச் சுரண்டினால் பசைக்கு மூலம் கிடைக்கும். தகட்டை வெறுங்கையால் தொடக் கூடாது. கைப்பிசுக்குப் பட்ட இடத்தில் சிப்பி ஒட்டாது.

அங்கேயே வேலை பார்த்த அக்காவின் வீட்டுக்காரருக்கு மட்டும் கையுறை ஆகவே ஆகாது. இயந்திரத்துக்குச் சுண்டுவிரலைக் கொடுத்தவர். உறையில் ஒரு விரல் காலியாக ஆடுவது அவருக்கு எரிச்சல். “சிப்பிக்கென்ன, ரேகை பாக்கவா தெரியும்?” என்பார்.

“ஒட்டுறதைக்கூட வெரட்டுற கைங்க உங்களுக்கு!” என்று அக்கா திட்டுவாள்.

சிப்பி எடுக்கப் பாறைக்குப் போன ஒரு காலையில் அவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

பதினோரு மாதம் கழித்து, தானே மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிய புதுத் தகட்டை அக்கா தொட்டியிலிருந்து தூக்கினாள். தகடு முழுக்க நூல் அப்பியிருந்தது. நடுவில் மட்டும் வெறிச்சென்று ஓர் உள்ளங்கை. நான்கு விரல்.

“எவனோ வெளையாடியிருக்கான்க்கா. சுரண்டிக் குடுங்க” என்றார் சூப்பர்வைசர்.

“வெளையாடினவன் சுண்டுவிரலை எங்க சார் வச்சிட்டு வந்தான்?”

ஆனாலும் வேலை வேலைதான். சுற்றியுள்ள நூலைச் சுரண்டினால் கையும் போய்விடும். தகட்டைக் காயவைத்த பிறகு அக்கா கையுறையைக் கழற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் தன் கையைப் பொருத்திப் பார்த்தாள். மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்க, அங்கே மட்டும் ஈரம் சில்லென்றிருந்தது. பிறகு சுரண்டினாள். மிஞ்சியது வெறும் கண்ணாடி.

மறுவாரம் வேறு தகடு போட்டார்கள். அதிலும் அதே கை. இம்முறை விரல்கள் லேசாக மடங்கியிருந்தன.

அதற்குப் பிறகுதான் அவள் வருகிறவர்களின் விரல்களை எண்ணத் தொடங்கினாள். ஒன்பது விரல்காரன் ஒருவன் அகப்பட்டுவிட்டால் அது அவன் வேலையாகிவிடும்; அவர் இல்லை என்றாகிவிடும். அதுதான் அவள் பயம்.

இப்போதும் அக்கா அதே தொட்டியடியில்தான் வேலை பார்க்கிறாள். இதுவரை வந்தவர்கள் எல்லாருக்கும் பத்து விரல்.